ஒரு எதிரொலிக்குள் எத்தனை மீன்? பெங்களூரு ஏரிகளில் சோனார் வைத்து மீனைத் தனித்தனியாகப் பிரித்தறிய முழுமையான வழிகாட்டி

ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவர் சோனார் திரையைப் பார்த்ததும் கேட்பது இரண்டே கேள்வி. எத்தனை மீன் இருக்கிறது? எவ்வளவு பெரிசு? இரண்டுக்குமே தவறான பதில் சொல்ல ஒரே காரணம் போதும்: பக்கத்துப் பக்கத்தில் நீந்தும் இரண்டு மீனின் எதிரொலி ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒற்றை மீனாகத் தெரிவது.

120 கிலோஹெர்ட்ஸில், மேலிருந்து பார்க்கும்போது, 30 சென்டிமீட்டர் மீனின் இலக்கு வலிமை (மீன் ஒலியை எவ்வளவு பலமாகத் திருப்பியடிக்கிறது என்ற அளவு) சுமார் −36 டெசிபெல். இது லவ் என்ற ஆய்வாளர் 1971இல் தந்த சமன்பாட்டுக் கணக்கு: 19.1 × லாக் நீளம் − 0.9 × லாக் அதிர்வெண் − 62. நீளம் சென்டிமீட்டரில், அதிர்வெண் கிலோஹெர்ட்ஸில். அப்படி இரண்டு மீன் ஒட்டி வந்தால் சராசரியில் 3 டெசிபெல் ஏறும். சமன்பாடு அதை 43 சென்டிமீட்டர் மீன் என்று சொல்லும். இரண்டு அலையும் ஏற்றத்தோடு ஏற்றமாகச் சேர்ந்தால் 6 டெசிபெல் ஏறி 62 சென்டிமீட்டர் ஆகிவிடும். ஏற்றமும் இறக்கமுமாக மோதினால் இரண்டு மீனும் திரையிலேயே இருக்காது. ஒரே ஜோடிதான், அரை நொடி இடைவெளியில் இந்த மூன்றும் நடக்கும்.

இந்தச் சிக்கலில் முக்கால் பங்கைத் தண்ணீரிலேயே தீர்க்க வேண்டும். படகிலிருந்து இறங்கிய பிறகு மென்பொருளால் செய்ய முடிவது, சந்தேகமான எதிரொலிகளைக் கழித்துக்கட்டுவது மட்டுமே. ஒட்டியதைப் பிரித்துத் தருவதாகச் சொல்லும் பொத்தான் எதையும் நம்ப வேண்டாம்.

ஏன் ஒட்டுகிறது

0.256 மில்லிநொடி பல்ஸ் (ஒலித்துடிப்பு) ஒன்றை அனுப்புகிறீர்கள். 25 டிகிரி நன்னீரில் ஒலி நொடிக்கு சுமார் 1497 மீட்டர் போகும். அந்த பல்ஸ் தண்ணீருக்குள் 38 சென்டிமீட்டர் நீளம். ஒலி போய்த் திரும்புவதால் பாதியைக் கணக்கில் எடுக்க வேண்டும்: 19 சென்டிமீட்டர். ஆழத்தில் இதைவிடக் குறைவாக விலகியிருக்கும் இரண்டு மீனின் எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். மற்ற பல்ஸ்களுக்கும் இதே கணக்குதான்: 1.024 மில்லிநொடிக்கு 77 சென்டிமீட்டர், 0.128க்கு 9.6, 0.064க்கு 4.8.

பக்கவாட்டில் நிலைமை இன்னும் மோசம். 7 டிகிரி பீம் (ஒலி பரவும் கூம்பு) 10 மீட்டர் தொலைவில் 1.2 மீட்டர் அகலம். அந்த வட்டத்துக்குள் ஒரே தொலைவில் உள்ள எல்லாமே ஒரே நேரத்தில் திரும்பி வரும். ஒரு நேரத்தில் சோனார் கேட்பது ஒரு ஊத்தப்பத்தை: 19 சென்டிமீட்டர் தடிமன், 1.2 மீட்டர் விட்டம். தொலைவு கூடினால் தடிமன் மாறாது, விட்டம் விரியும்.

இந்த ஊத்தப்பத்துக்குள் சராசரியாக எத்தனை மீன் என்பதுதான் இந்த வேலையிலேயே முக்கியமான எண். வழக்கமான 7 டிகிரி பீமுக்குச் சமான பீம் கோணம் (பீம் கேட்கும் கூம்பின் திண்மக் கோணம்) சுமார் 0.0085 ஸ்டெரேடியன். கன அளவு = 0.0085 × தொலைவின் வர்க்கம் × தடிமன். கன மீட்டருக்கு அரை மீன் உள்ள நீரில் கணக்கு இப்படி வரும். 10 மீட்டரில், 0.256 பல்ஸில், ஊத்தப்பத்துக்கு 0.08 மீன். 20 மீட்டரில் 0.33. அதே 20 மீட்டரில் 1.024 பல்ஸ் போட்டால் 1.3 மீன்.

மீன்கள் தாறுமாறாகப் பரவியிருப்பதாக வைத்து பாய்சான் என்ற நிகழ்தகவுக் கணக்குப் போட்டால், எதிரொலி தரும் ஊத்தப்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட மீன் உள்ளவை முதல் நிலையில் நூற்றுக்கு 4, இரண்டாவதில் 16, மூன்றாவதில் பாதி. வட அமெரிக்கப் பெரும் ஏரிகளின் கணக்கெடுப்பு நெறிமுறையில் ஊத்தப்பத்துக்கு எத்தனை மீன் என்ற எண் 0.1க்குக் கீழே இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இங்கேயும் அதையே வைத்துக்கொள்ளலாம். மீன் கூட்டமாக நீந்தினால் பாய்சான் சொல்வதைவிட நிலைமை மோசமாகவே இருக்கும், மறக்க வேண்டாம்.

ஏரிக்கு ஏற்ற கருவி

தூண்டில்காரர்கள் வாங்கும் ஒற்றை பீம் மீன்காட்டி இந்த வேலைக்கு ஆகாது. சிர்ப் (அதிர்வெண் ஏறிக்கொண்டே போகும் துடிப்பு) உள்ள மாடல்கள் மேலும் கீழுமாக உள்ள மீன்களைப் பிரித்துக் காட்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் மீன் பீமின் நடுவில் இருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஓரத்து கட்லாவும் நடுவிலுள்ள ஜிலேபிக் கெண்டையும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான்.

வேண்டியது ஸ்பிளிட் பீம். டிரான்ஸ்டியூசரின் (ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் பகுதி) முகம் நான்கு கால்வட்டமாகப் பிரிந்திருக்கும். புது மாடல்கள் சிலவற்றில் மூன்று. ஒவ்வொரு பகுதிக்கும் எதிரொலி சற்று முன்பின்னாக வந்து சேரும். அந்தக் கட்ட வேறுபாட்டிலிருந்து மீன் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று தெரியும். கோணம் தெரிந்தால் ஓரத்தில் குறைந்துபோன வலிமையைச் சரிக்கட்டலாம். ஒன்றா பலவா என்பதைக் காட்டிக்கொடுப்பதும் இந்தக் கோணம்தான்.

ஆழம் 6 மீட்டருக்கு மேல் இருந்தால் கீழ்நோக்கி வைக்கலாம். 18 சென்டிமீட்டர் அகல டிரான்ஸ்டியூசருக்கு 120 கிலோஹெர்ட்ஸில் அண்மைப்புலம் (பீம் இன்னும் ஒழுங்காக உருவாகாத அருகிலுள்ள பகுதி) சுமார் 2.6 மீட்டர், அதன் இரண்டு மடங்கு வரை வரும் எண்களை நம்பக் கூடாது. பெங்களூரு நகருக்குள் இருக்கும் ஏரிகளில் பெரும்பாலானவை சேறு ஏறி மூன்று நான்கு மீட்டராகத் தூர்ந்துபோனவை. அங்கே கீழ்நோக்கிப் பார்ப்பது வீண். பக்கவாட்டில் பார்க்க வேண்டும், அல்லது ஏரிஸ், டிட்சன் போன்ற பட சோனாருக்குப் போக வேண்டும்.

பட சோனாரைப் பற்றி ஒரு பத்தி போதும். டிட்சன் 1.8 மெகாஹெர்ட்ஸில் 96 பீம்கள் கொண்டது, ஒவ்வொன்றும் 0.3 டிகிரி. 10 மீட்டரில் ஒரு பீமின் அகலம் 5 சென்டிமீட்டர். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கால் மீட்டர் மீன் தனித்தனியாகத் தெரியும், வால் ஆட்டுவது உட்பட. மேலும் கீழுமாக நிற்கும் இரண்டு மீனை அது பிரிக்காது. செங்குத்தில் அதன் பார்வை 14 டிகிரி, அதில் ஒற்றைப் பீம்தான். அடித்தரையில் விழும் நிழல் இரண்டாக இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணிக்கைக்கு அருமையான கருவி, ஆனால் தொலைவு குறைவு, விலை அதிகம்.

தேவையான சாமான்

120 அல்லது 200 கிலோஹெர்ட்ஸ் ஸ்பிளிட் பீம் கருவி, 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி பேட்டரி, ஜிபிஎஸ், தெர்மாமீட்டர், ஒன்றரை அங்குல ஜிஐ குழாய் இரண்டு மீட்டர், அதைப் படகின் நடுப்பக்கத்தில் இறுக்க இரண்டு கிளாம்ப். டிரான்ஸ்டியூசர் நீர்மட்டத்துக்கு 50 சென்டிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். அதற்கு மேலே வைத்தால் படகு கிளப்பும் காற்றுக்குமிழ் முகத்தில் ஒட்டும். கனெக்டர், கேபிள், ஃபெரைட் மணி, ஃபியூஸ் எல்லாம் பெங்களூரு எஸ்பி ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒரே நடையில் கிடைக்கும்.

இன்வெர்ட்டர் வேண்டாம். லேப்டாப்புக்காகப் படகில் ஏற்றும் மலிவு இன்வெர்ட்டரின் ஸ்விட்ச்சிங் இரைச்சல் நேராக 120 கிலோஹெர்ட்ஸுக்குள் விழும். திரையில் சாய்வான கோடுகளாக வரும். சிறு மீனின் எதிரொலியோடு கலந்தால் அகலத்தையும் கோணத்தையும் கெடுக்கும். டிசியிலிருந்து டிசிக்கே போங்கள். படகின் ஆழமானியையும் அணைத்துவிடுங்கள். பிறகு அனுப்புவதை நிறுத்திவிட்டு, கேட்பதை மட்டும் ஓடவிட்டு இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். அதுதான் உங்கள் இரைச்சல் அளவு. தேட நினைக்கும் மிகச்சிறிய மீனின் எதிரொலி இதைவிட 10 டெசிபெல்லாவது மேலே இருக்க வேண்டும்.

அனுமதியையும் சாமான் பட்டியலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஏரிக்கும் பொறுப்பாளர் வேறு. அல்சூர் ஏரியை ஒட்டி மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவின் படைமையம் இருக்கிறது. ராணுவத்தில் ‘தம்பி’ என்ற பெயருக்குச் சொந்தக்காரர்களான அவர்கள் தமிழில் நன்றாகவே பேசுவார்கள், ஆனால் சொல்லாமல் கருவியோடு படகை இறக்கினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

அளவுதிருத்தமும் இரண்டு பந்துச் சோதனையும்

அளவுதிருத்தத்துக்கு 38.1 மில்லிமீட்டர் டங்ஸ்டன் கார்பைடு குண்டு, 6 சதவீத கோபால்ட் கலந்தது. பேரிங் கடை எஃகுக் குண்டு அளவில் ஒன்றாக இருந்தாலும் எதிரொலியில் வேறு. 120 கிலோஹெர்ட்ஸில் இந்தக் கார்பைடு குண்டின் இலக்கு வலிமை சுமார் −39.5 டெசிபெல், அன்றைய நீர் வெப்பநிலையைப் போட்டுச் சரியான எண்ணைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்று மெல்லிய நைலான் இழையில், டிரான்ஸ்டியூசரிலிருந்து 6 முதல் 8 மீட்டர் கீழே தொங்கவிடுங்கள். இறக்குமுன் பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு சொட்டு நீரில் கலந்து குண்டையும் முடிச்சையும் நனைத்துவிடுங்கள். ஒட்டியிருக்கும் ஒரு குமிழே எண்ணைக் கெடுக்கப் போதும். இழைகளை மாற்றி மாற்றி இழுத்து, நான்கு கால்வட்டத்திலும் குண்டு போய்வரும்படி சில நூறு அடிகள் (குண்டில் பட்டுத் திரும்பும் எதிரொலிகள்) பதிவு செய்யுங்கள். பீம் மாதிரியிலிருந்து விலகல் 0.4 டெசிபெல்லுக்கு மேல் இருந்தால் திரும்பச் செய்யுங்கள். பல்ஸ் நீளத்தை மாற்றினால் அதற்கெனத் தனியாகச் செய்ய வேண்டும்.

நகர ஏரியில் இதற்கு ஆழம் போதாது. ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரிகளில் தேங்கிய குட்டைகள் ஆழமானவை, அலை இல்லாதவை. ஆனால் பாறைச்சுவர் செங்குத்து. கால் வழுக்கினால் பிடித்து ஏற இடமிருக்காது. லைஃப் ஜாக்கெட் இல்லாமல், தனியாக, போகவே கூடாது. சுவரிலிருந்து குண்டின் ஆழத்தைவிட அதிகத் தொலைவில் நிற்பதும் முக்கியம். இல்லாவிட்டால் பக்கமடலில் (முக்கிய பீமுக்கு வெளியே கசியும் ஒலி) வரும் சுவர் எதிரொலி குண்டின் எதிரொலியோடு சேர்ந்துவிடும்.

குண்டு வேலை முடிந்ததும், கருவியை மூட்டை கட்டிவிடாமல், இரண்டு பிங்பாங் பந்து எடுங்கள். ஒரே நைலான் இழையில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டி, அவற்றுக்கு ஒன்றரை மீட்டர் கீழே ஒரு ஈயக்கட்டியைத் தொங்கவிட்டு 7 மீட்டருக்கு இறக்குங்கள். பல்ஸ் 0.256. பந்துகளின் இடைவெளியை 40 சென்டிமீட்டரில் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

40இல் இரண்டு சுத்தமான மேடு. 25இல் நடுவில் பள்ளம் இன்னும் இருக்கும். 19ஐத் தாண்டியதும் பள்ளம் தூர்ந்து, ஒரே அகலமான மேடாகும். இதை அகலத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். 5 சென்டிமீட்டருக்கு வந்தால்தான் விபரீதம். அகலம் ஒற்றைப் பந்தின் அகலத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். கோணமும் சரியாக இருக்கும், ஏனெனில் இரண்டும் ஒரே திசையில் தொங்குகின்றன. மாறுவது வலிமை மட்டும்தான். அதுவும் எப்படி? 120 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 மில்லிமீட்டர். இடைவெளி அதில் கால்பங்கு, அதாவது 3 மில்லிமீட்டர் மாறினாலே, சேர்ந்து ஓங்கிய எதிரொலி ஒன்றையொன்று அழித்துவிடும். இழையைச் சுண்டிவிட்டுத் திரையைப் பாருங்கள்: பிங்குக்கு பிங், அதாவது ஒவ்வொரு பல்ஸுக்கும், வலிமை குதிக்கும்.

அடுத்து, 60 சென்டிமீட்டர் மூங்கில் குச்சியின் இரு முனையிலும் பந்தைக் கட்டிக் கிடைமட்டமாக இறக்குங்கள். இப்போது தொலைவு ஒன்று, கோணம் இரண்டு. கருவி சொல்லும் கோணம் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவே, எதுவுமே இல்லாத இடத்தைக் காட்டும். இரண்டு எதிரொலியும் அழித்துக்கொள்ளும் கணத்தில் குச்சிக்கே வெளியே தாவும். குச்சி லேசாகச் சாய்ந்தாலும் எதிரொலியின் தொடக்கத்தில் ஒரு கோணமும் முடிவில் இன்னொரு கோணமும் வரும். இந்தக் கோணச் சிதறலை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், பின்னால் மென்பொருளில் வரும் 0.6 டிகிரி என்ற எண் எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

தண்ணீரில் அமைப்பு

இருட்டிய பிறகு போங்கள். பகலில் கூட்டமாக இருக்கும் மீன்களில் பல இனங்கள் இரவில் கலைந்து பரவும். பல்ஸைப் பாதியாக்கினால் ஊத்தப்பத்தின் தடிமன்தான் பாதியாகும்; இரவுக்கு மாறினால் கூட்டமே கலைகிறது. அமாவாசையை ஒட்டிய நாட்கள் மேல். நகர ஏரிகளில் கரைவிளக்கு வெளிச்சம் விழும் ஓரத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே மீன் கலையாமல் நிற்கக்கூடும்.

பல்ஸ் 0.128இல் தொடங்குங்கள். 0.064 ஆசையைக் கிளப்பும், ஆனால் பல்ஸைப் பாதியாக்கும்போதெல்லாம் இரைச்சலுக்கு மேலான உயரத்தில் 3 டெசிபெல் போகும், கோணமும் ஆடும். ஆடும் கோணத்தை வடிகட்டி பல மீன் என்று தள்ளிவிடும். நல்ல ஒற்றை மீனை அப்படி இழப்பீர்கள். திறன் 100 வாட் போதும். 7 டிகிரி 120 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்டியூசருக்கு 250 வாட்டைத் தாண்டினால் நீரே நேர்விகிதத்தில் நடந்துகொள்ளாது. ஏரியில் அந்த எல்லைக்குப் போக வேலையே இல்லை.

பிங் வேகம் நொடிக்கு 8 முதல் 10. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகும் படகிலிருந்து 10 மீட்டர் ஆழ மீன் பீமுக்குள் ஒரு நொடி சொச்சம்தான் இருக்கும். அதற்குள் பத்து அடியாவது கிடைக்க வேண்டும். பிங் வேகத்தை இன்னும் கூட்டினால் முந்தைய பிங்கின் இரண்டாம் அடித்தரை எதிரொலி இந்தப் பிங்கின் நடுநீரில் வந்து விழும். கடினத் தரை உள்ள குவாரியில் இது நிச்சயம் நடக்கும். சந்தேகம் வந்தால் பிங் வேகத்தைச் சற்று மாற்றுங்கள். நிஜமான மீன் அங்கேயே இருக்கும், பேய்த்தரை நகரும்.

ஆழமற்ற ஏரியில் பக்கவாட்டுப் பார்வை

3 மீட்டர் ஆழத்தில் டிரான்ஸ்டியூசரை 1.2 மீட்டரில் வைத்துக் கிடையாகப் பார்த்தால், 7 டிகிரி பீம் 20 மீட்டரில் நீர்மட்டத்தைத் தொட்டுவிடும். பக்கமடல் அதற்கு முன்பே தொடும். செங்குத்தில் 2.5 டிகிரியும் கிடையில் 10 டிகிரியும் உள்ள நீள்வட்ட பீம் 55 மீட்டர் வரை தாங்கும். இந்த வேலைக்கென்றே செய்தது அது. கிடைத்தால் அதையே எடுங்கள்.

இங்கே இன்னொரு வகை ஒட்டல் உண்டு. ஒரே மீன் தன் எதிரொலியோடு தானே ஒட்டிக்கொள்ளும். 15 மீட்டரில், 1.2 மீட்டர் ஆழத்தில் ஒரு மீன். நேராகப் போய் நேராகத் திரும்பும் ஒலி ஒன்று. நேராகப் போய், நீர்மட்டத்தில் பட்டுத் திரும்புவது இன்னொன்று, அது 9.5 சென்டிமீட்டர் தள்ளித் தெரியும். போகவும் வரவும் நீர்மட்டத்தில் பட்டது 19 சென்டிமீட்டர் தள்ளி. 0.256 பல்ஸில் இந்த மூன்றும் ஒரே குவியல். ஆக, திரையில் தெரியும் ‘இரண்டு மீன்’ ஒரே மீனாக இருக்கலாம். தீர்வு: பீமை அரை டிகிரி, ஒரு டிகிரி கீழே சாய்த்து நீர்மட்டத்தை விலக்குங்கள். அமைதியான நீர்மட்டம் கண்ணாடிபோல் திருப்பியடிக்கும், அதனால் காற்றில்லாத இரவில்தான் இந்தப் பேய் பலமாக வரும். ஓர் இலக்கின் பின்னாலேயே மாறாத சிறு இடைவெளியில் இன்னொன்று தொடர்ந்து வந்து, கருவியை நெருங்க நெருங்க அந்த இடைவெளி கூடினால் அது எதிரொலிப் பேய்தான்.

பிற்பகலில் பக்கவாட்டு வேலை வேண்டாம். மேல்நீர் 29 டிகிரி, அடி 24 டிகிரி என்றால் மூன்று மீட்டருக்குள் ஒலி வேகம் நொடிக்கு சுமார் 13 மீட்டர் மாறுகிறது. பீம் கீழே வளைந்து 20 மீட்டரில் அரை மீட்டர் இறங்கிவிடும். நீங்கள் பார்ப்பதாக நினைக்கும் நீர் வேறு, கருவி பார்க்கும் நீர் வேறு. விடியலுக்கு முன் நீர் கலந்து சமமாக இருக்கும்.

பக்கவாட்டில் மீன் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதே வலிமையைத் தீர்மானிக்கும். விலா காட்டும் மீனும் வால் காட்டும் மீனும் 10 டெசிபெல்லுக்கு மேல் வேறுபடும். லவ் சமன்பாட்டின் மேற்பார்வை வடிவத்தை இங்கே போட்டு நீளம் சொல்லாதீர்கள். எண்ணிக்கை மட்டும் சொல்லுங்கள்.

ஒற்றை இலக்கு வடிகட்டி

எக்கோவியூ, சோனார்5, இலவசமாகக் கிடைக்கும் இஎஸ்பி3 எதுவானாலும் உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். தொடக்க எண்கள் இவை.

முதலில் வலிமை வாசல்: தேடும் மிகச்சிறிய மீனுக்கு 6 டெசிபெல் கீழே. 10 சென்டிமீட்டர் மீன் −45 என்றால் வாசல் −51. அடுத்து அகலம்: மேட்டின் உச்சியிலிருந்து 6 டெசிபெல் கீழே அளந்த அகலம், அனுப்பிய பல்ஸின் 0.6 மடங்குக்கும் 1.4 மடங்குக்கும் நடுவே இருக்க வேண்டும். குறைந்தால் இரைச்சல் அல்லது அழித்துக்கொண்ட இரட்டை. கூடினால் ஒட்டிய இரட்டை. பிறகு கோணச் சிதறல்: ஒரே எதிரொலிக்குள் உள்ள மாதிரிகளின் கோண விலகல் இரண்டு அச்சிலும் 0.6 டிகிரிக்குள். கடைசியாக பீம் சரிக்கட்டல்: ஒருவழியில் 3 டெசிபெல்லுக்கு மேல் சரிக்கட்ட வேண்டிய ஓரத்து மீனை விட்டுவிடுங்கள்.

எண்களை இறுக்கினால் மீன் குறையும், தளர்த்தினால் இரட்டைகள் நுழையும். எங்கே நிறுத்துவது? கோண வரம்பை 1 டிகிரியிலிருந்து 0.3 வரை படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு முறையும் சராசரி இலக்கு வலிமையைக் குறியுங்கள். இரட்டைகள் வெளியேறும்வரை சராசரி இறங்கிக்கொண்டே போகும், பிறகு சமதளத்துக்கு வரும். அந்தச் சமதளத்தின் தொடக்கமே உங்கள் எண். சமதளமே வராவிட்டால் அந்தப் பகுதி மிக நெரிசல். அதிலிருந்து மீன் அளவே எடுக்கக் கூடாது.

பிங்பாங் சோதனையில் பார்த்தபடி, மிக நெருக்கமான இரட்டை இந்த எல்லா வாசலையும் தாண்டி உள்ளே வரும். அதைப் பிடிக்க இரண்டு வழி. ஒன்று, இரண்டு அதிர்வெண்ணில் சேர்ந்து பதிவு செய்து, இரண்டிலும் ஒரே இடத்தில் ஒற்றை என்று வந்ததை மட்டும் ஏற்பது. 120இல் ஓங்கி ஒலிக்கும் இரட்டை 200இல் அழித்துக்கொள்ளும், அல்லது வேறு கோணம் காட்டும். இரண்டாவது வழி சிர்ப்.

சிர்ப் தருவதும் கெடுப்பதும்

95இலிருந்து 155 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறும் துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் நீண்ட எதிரொலியைக் கணக்கில் குறுகிய மேடாக அமுக்கினால், பிரிக்கும் திறன் ஒலி வேகம் ÷ (2 × பட்டை அகலம்). 60 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு 1.25 சென்டிமீட்டர். ஓரங்களைச் சரிவாக்கினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும், அப்போதும் 19க்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை.

அமுக்கிய எதிரொலியின் நிறமாலையையும் பாருங்கள். 5 சென்டிமீட்டர் விலகிய இரண்டு பந்து சுமார் 15 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு பள்ளம் காட்டும்; 60 கிலோஹெர்ட்ஸ் பட்டைக்குள் நான்கு. பள்ளங்களின் இடைவெளியிலிருந்து பந்துகளின் இடைவெளியைத் திரும்பக் கணக்கிடலாம்.

சிக்கல் என்னவென்றால் மீன் பந்து அல்ல. காற்றுப்பை உள்ள மீனில் எதிரொலியின் 90 சதவீதத்துக்கு மேல் அந்தப் பையிலிருந்து வரும். மீதம் தலை, முதுகெலும்பு. கட்லாவின் உடல் உயரம் 15 சென்டிமீட்டர் என்றால், 2 சென்டிமீட்டர் பிரிக்கும் கருவி முதுகையும் பையையும் தனித்தனி மேடாகக் காட்டும். கெண்டை இனங்களுக்குக் காற்றுப்பையே இரண்டு அறை. சாய்ந்து நீந்தினால் அவையும் பிரியும். ஒட்டியதைப் பிரிக்க வந்த கருவி ஒரு மீனை மூன்றாக எண்ணிவிடும். அதனால் மிகப்பெரிய மீனின் உடல் உயரத்துக்குள் வரும், ஒரே கோணத்திலுள்ள மேடுகளை ஒன்றாகக் கட்டுங்கள். அமுக்கும்போது முன்னும் பின்னும் முளைக்கும் பக்கமடலும் உண்டு. ஒரு பெரிய எதிரொலியின் இருபுறமும் சமச்சீராக இரண்டு சின்ன மேடு இருந்தால் அது மீனல்ல.

குமிழ்

கழிவுநீர் வரும் ஏரியில் அடிச்சேற்றிலிருந்து மீத்தேன் குமிழ் வந்துகொண்டே இருக்கும். 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழின் இலக்கு வலிமை −50க்கும் −56க்கும் நடுவே. மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் மீன்குஞ்சுக்குச் சமம். சரமாக ஏறுவதால் ஒட்டியும் வரும். வலிமையை வைத்துப் பிரிக்க முடியாது, வேகத்தை வைத்துப் பிரிக்கலாம்: குமிழ் நொடிக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் வேகத்தில் நேர்மேலே ஏறும், நிற்காது. படகை நிறுத்தி ஐந்து நிமிடம் பதிவு செய்தால் சாய்ந்த இணைகோடுகளாகத் தெரியும். நெரிசலான குமிழ் இடங்களை மொத்தமாக வெட்டி எறியுங்கள். ஒவ்வொன்றாகக் கழிக்க உட்கார்ந்தால் விடிந்துவிடும்.

தடமும் கணக்கும்

ஒற்றை என்று தேறிய அடிகளைத் தடமாகக் கோர்க்கும்போது குறைந்தது மூன்று அடி, இடையில் ஒரு பிங்குக்கு மேல் விடுபடக் கூடாது, அடுத்தடுத்த அடிகளுக்கு ஆழ வித்தியாசம் 10 சென்டிமீட்டருக்குள். தடத்துக்குள் வலிமை அடிக்கு அடி 10 டெசிபெல் குதித்தால் இழையில் சுண்டிய பந்துகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை மீனும் உடலை வளைக்கும்போது ஆடும், ஆனால் அது ஒரு போக்காக ஏறி இறங்கும்.

தேறிய ஒற்றைகளை எண்ணி ‘இவ்வளவு மீன்’ என்று சொல்லிவிடாதீர்கள். நெரிசலில் இருந்ததை எல்லாம் நீங்களே தள்ளிவிட்டீர்கள். ஒற்றைகளிடம் கேட்க வேண்டியது சராசரி அளவு மட்டும். எண்ணிக்கைக்கு மொத்த எதிரொலி ஆற்றலைக் கூட்டி, ஒரு மீனின் ஆற்றலால் வகுக்க வேண்டும். ஒட்டிய எதிரொலிகள் தனித்தனியாக ஓங்கி அழிந்தாலும், ஆயிரக்கணக்கில் கூட்டினால் சராசரி ஆற்றல் மீன் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில்தான் நிற்கும். உதாரணம்: கன அளவுச் சிதறல் வலிமை (ஒரு கன மீட்டர் நீரிலிருந்து திரும்பும் மொத்த எதிரொலி) −52, சராசரி இலக்கு வலிமை −38. வித்தியாசம் −14 டெசிபெல். கன மீட்டருக்கு 0.04 மீன், அதாவது 25 கன மீட்டருக்கு ஒன்று. இரட்டைகள் நுழைந்து சராசரி −35 ஆகியிருந்தால் 50 கன மீட்டருக்கு ஒன்று. மீன் பெரிசாகவும் தெரியும், பாதியாகவும் குறையும். இரண்டு தவறும் சேர்ந்து வருவதால் எடைக்கணக்கு ஓரளவு பொருந்தி ஏமாற்றும்.

சராசரியை டெசிபெல்லில் எடுப்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. −34, −46 இரண்டின் சராசரி −40 அல்ல, −36.7. முதலில் நேர் எண்ணாக்குங்கள், சராசரி எடுங்கள், பிறகு டெசிபெல்லுக்குத் திரும்புங்கள்.

கிடைத்த அடர்த்தியை முதல் கணக்கில் போட்டு, ஒவ்வொரு ஆழ அடுக்குக்கும் ஊத்தப்பத்துக்கு எத்தனை மீன் என்று பாருங்கள். 0.1ஐத் தாண்டிய கட்டங்களின் இலக்கு வலிமையை நீக்கிவிட்டு, பக்கத்துத் தேறிய கட்டத்தின் சராசரியை அங்கே வைத்து, அடர்த்தியைத் திரும்பக் கணக்கிடுங்கள். இரண்டாம் சுற்றிலேயே எண் நிலைத்துவிடும்.

அதே வாரத்தில் மூன்று நான்கு கண்ணி அளவில் செவுள் வலை போட்டு, பிடிபட்ட மீனின் நீளங்களை இலக்கு வலிமைப் பட்டைவரைபடத்தின் பக்கத்தில் வையுங்கள். வலையில் 20 சென்டிமீட்டர் ஜிலேபியாக வந்து, சோனார் 45 சென்டிமீட்டரில் ஒரு திமிலைக் காட்டினால், பெரிய மீன் வலைக்குத் தப்பிவிட்டது என்று குத்தகைதாரரிடம் சொல்லுமுன் அந்தத் திமில் எந்தக் கட்டங்களிலிருந்து வந்தது என்று திறந்து பாருங்கள்.